மணி அடித்ததும் பிரியும் வகுப்பு

காவிரிக் கரையை அடுத்த சிற்றூர் ஒன்றில், அரசு உதவி பெறும் கத்தோலிக்க நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பில், கடைசிப் பெஞ்சில் ஒரு முற்பகல் முழுதும் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மூன்றாம் பாடவேளைக்கு மணி அடித்தது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. வகுப்பு தானாகவே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதியினர் எழுந்து வராந்தாவைக் கடந்து அடுத்த அறைக்குப் போனார்கள். எஞ்சியவர்கள் முன்பெஞ்சுகளுக்கு நகர்ந்து நெருங்கி உட்கார்ந்தார்கள். போனவர்களுக்கு மறைக்கல்வி, ஊர்ப் பெரியவர்கள் வாயில் அது இன்னும் ஞானோபதேசம்தான். இருந்தவர்களுக்கு நன்னெறிக் கல்வி. பிள்ளைகள் பேச்சில் 'மாரல்'. எனக்கு முன்னால் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்த இரண்டு பையன்களில் ஒருவன், தன் ஜாமெட்ரி பாக்ஸை மற்றவன் பக்கம் தள்ளி, "பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளின் பிள்ளைகள் என்னதான் கற்கிறார்கள் என்று கேட்டால், நம்மிடையே கைவசம் இருக்கும் விடைகள் இரண்டு. "சாமியார் பள்ளிக்கூடத்தில் போட்டால் ஒழுக்கம் வரும், இங்கிலீஷ் வரும்" என்பது பெற்றோர் விடை. "பாடத்தோடு பாடமாக மதத்தையும் ஊட்டிவிடுவார்கள்" என்பது ஐயுறுவோர் விடை. இரண்டு விடையும் வெகுகாலமாகப் புழங்கித் தேய்ந்து வழவழப்பாகிப் போனவை; சொல்பவருக்கும் சிரமமில்லை, கேட்பவருக்கும் சிரமமில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ஒரு நாளைக் காலை மணியிலிருந்து மாலை மணிவரை பின்தொடர்ந்து பார்த்தால், விஷயம் அத்தனை சுலபமாக எந்தப் பக்கமும் சாய்வதில்லை.

முதலில் புத்தகத்தைப் பார்ப்போம். மாநிலப் பாடத்திட்டத்தில் இயங்கும் கத்தோலிக்கப் பள்ளிக்கும் அதற்கு எதிரே தெருமுனையில் உள்ள அரசுப் பள்ளிக்கும் பாடநூலில் இம்மியளவு வித்தியாசம் இல்லை. 2010-ஆம் ஆண்டுச் சமச்சீர்க் கல்விச் சட்டமும், அதனை நடைமுறைப்படுத்தச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பும், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று வகை வகையாகக் கிடந்த பாடத்திட்டங்களை ஒன்றாக்கிவிட்டன. 2018-இலும் 2019-இலும் வெளிவந்த புதிய நூல்கள் அந்த ஒருமையை இன்னும் உறுதிப்படுத்தின. ஆகவே கன்னியாஸ்திரீயின் வகுப்பிலும் ஆறாம் வகுப்புப் பிள்ளை சிந்துவெளி நாகரிகத்தையே படிக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஐரோப்பியர் வருகையையே படிக்கிறது. அந்த எட்டாம் வகுப்பு நூலில் இந்தியாவில் கல்வி வளர்ந்த கதைக்கென்றே ஒரு பாடம் உண்டு. தான் உட்கார்ந்திருக்கும் கட்டடத்தின் பூர்வோத்தரம் அந்தப் பாடத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று எத்தனை பிள்ளைக்குத் தெரியுமோ!

புத்தகம் ஒன்றாயினும், அதைக் கையில் பிடித்திருப்பவர் யார் என்பதில் ஒரு சுவை இருக்கத்தான் செய்கிறது. ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில், சிந்துவெளிக்கு முன்பாகவே, மனிதர்களின் பரிணாம வளர்ச்சி பாடமாக வருகிறது. கழுத்தில் சிலுவை தொங்க நிற்கும் சிஸ்டர், குரங்கினத்தோடு நமக்குள்ள தூரத்து உறவைக் கரும்பலகையில் கோடிழுத்து விளக்கும் காட்சி, கத்தோலிக்க சமயத்தை வெளியிலிருந்து மட்டும் அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கலாம். 1950-இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடலின் தோற்றத்தைப் பற்றிப் பரிணாம வழியில் ஆராய்வதற்குத் தடையில்லை என்று எழுதிவிட்டார். 1996-இல் இரண்டாம் யோவான் பவுல் அதற்கும் மேலே சென்று, பரிணாமக் கொள்கையை வெறும் ஊகமென்று ஒதுக்க இயலாது என்றார். நான் பேசிய சிஸ்டர் இந்த ஆவணங்களையெல்லாம் நினைவில் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. "எப்படி வந்தோம்னு இந்தப் புத்தகம் சொல்லுது, எதுக்கு வந்தோம்னு அந்தப் புத்தகம் சொல்லுது, பிள்ளைங்க ரெண்டையும் குழப்பிக்கிறதே இல்லீங்க" என்றார். குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லதுதானா என்ற சந்தேகம் எனக்கு அப்போது எழுந்தது, கேட்கவில்லை.

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவத்தைப் பற்றிய பாடம் இன்னொரு சோதனை. அதைச் சிலர் முறையாக நடத்துகிறார்கள். சிலர் 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். இது கத்தோலிக்கப் பள்ளிக்கே உரிய குறை அன்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பொதுச் சொத்து.

இனி, புத்தகத்துக்கு வெளியே உள்ள பாடத்துக்கு வருகிறேன். அதைப் புரிந்துகொள்ள நாலே முக்கால் நூற்றாண்டு பின்னோக்கிப் போகவேண்டும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழறியாதவர். தமிழறிந்தோர் சிலரை உட்காரவைத்து முக்கியமான செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் ஒருவாறு தமிழாக்கிக்கொண்டு, கையில் மணியோடு கடற்கரைக் கிராமங்களின் தெருக்களில் நடந்து, அந்த ஓசைக்கு ஓடிவந்த பிள்ளைகளைக் கூட்டிவைத்து, அவற்றை ஒவ்வொரு வரியாகச் சொல்லச் செய்தார் என்பதும், கற்றதைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய்தந்தையருக்குக் கற்பிக்கவேண்டும் என்று ஏவினார் என்பதும் அவருடைய கடிதங்களாலேயே விளங்குகின்றன. மணி, கூட்டம், ஒருமித்த குரல், மனனம்: இன்றைய வகுப்பறையின் உறுப்புகள் நான்கும் அங்கே கடற்கரை மணலிலேயே கூடிவிட்டன. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறைக்கும் இதற்கும் ஒட்டுறவு வெகு எளிதில் ஏற்பட்டுவிட்டதில் வியப்பில்லை. ஆத்திசூடியை ராகம் போட்டு ஒப்பித்த தொண்டைக்கு இன்னொரு பாடத்தை ஒப்பிப்பது புதிய வேலையா?

சவேரியாருக்குப் பின்வந்த அண்டிரிக் அடிகளார் இந்த வாய்ப்பாடத்தை அச்சில் ஏற்றினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் முதலாவது அதுதான். அடுத்த ஆண்டே கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. அது குருவும் சீடனும் வினாவி விடையிறுக்கும் அமைப்பில் எழுந்த நூல். இதனை வெறும் அச்சு வரலாற்றுச் செய்தியாக நான் இங்கே சொல்லவில்லை. தமிழில் அச்சேறிய கல்விநூல்களின் மூத்த தலைமுறையிலேயே, வினாவை ஆசிரியர் வைத்திருப்பார், விடையும் அவரிடமே இருக்கும், மாணாக்கன் அந்த விடையை ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பித் தரவேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது என்பதுதான் நான் சுட்டவந்த விஷயம். சமயத்துக்கு அந்த ஏற்பாடு பொருந்தும். விசுவாசத்தின் சூத்திரங்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படக் கூடாதவை அல்லவா? ஆனால் பழக்கம் என்பது ஒரு பாடவேளையின் எல்லைக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. அன்று முற்பகல் நான் கேட்ட அறிவியல் வகுப்பில், ஆசிரியை வினாவைச் சொல்ல, முப்பது குரல் ஒன்றாக விடையைச் சொல்லிற்று. கண்ணை மூடிக் கேட்டால் செபமாலை சொல்வதுபோலவே இருந்தது, ஏறுவதும் இறங்குவதும் அதே இடங்களில்.

இதற்கிடையே வீரமாமுனிவரை மறந்துவிடலாகாது. எகர ஒகரங்களை நெடிலிலிருந்து வேறுபடுத்த வரிவடிவம் திருத்தியவர், சதுரகராதி தொகுத்தவர், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனுக்குக் கொண்டுபோனவர் என்றெல்லாம் அவரைத் தமிழ்ப் பாடத்தில் பிள்ளைகள் அறிகிறார்கள். கிராமந்தோறும் சுவாமியார் இல்லாத நாட்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவந்த உபதேசியார்களுக்கென்றே அவர் 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை எழுதினார் என்பது அத்தனை பிரசித்தம் அல்ல. கற்பிப்பவனுடைய நடத்தையே முதற்பாடம் என்ற அந்த நூலின் எண்ணம், ஆசிரியர் பயிற்சிக்குத் தமிழில் எழுந்த மிகப் பழைய சிந்தனைகளுள் ஒன்றாக எனக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பாவிலிருந்து வந்த வேறிரண்டு மரபுகளும் இப்பள்ளிகளின் சுவரில் கலந்திருக்கின்றன. சேசு சபையார் 1599-இல் வகுத்த கல்வி ஏற்பாடு, ஒரு வகுப்பை ரோமாபுரி என்றும் கார்த்தேஜ் என்றும் இரு அணியாக்கிப் போட்டியிடவைத்தது. அடிக்கடி பரீட்சை, பரிசு, நாடகம் எல்லாம் அதில் உண்டு. முதல் 'ராங்க்' வாங்கிய பிள்ளையின் பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசிக்கும் வழக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கார்த்தேஜ்தான் நினைவுக்கு வருகிறது. கார்த்தேஜ் கடைசியில் என்ன ஆயிற்று என்பதும் நினைவுக்கு வருகிறது. 1906-இல் தஞ்சாவூரில் வந்திறங்கிய சலேசிய சபையாரோ தொன் போஸ்கோவின் வழியினர். தண்டிப்பதைவிடத் தவறு நேராதபடி உடனிருப்பதே ஆசிரியன் கடமை என்பது அவர்கள் கொள்கை. அதனால் அவர்கள் பள்ளியில் மைதானத்துக்கு வகுப்பறைக்குச் சமமான மரியாதை. இந்த இரண்டில் எது ஒரு பள்ளியில் மேலோங்கி இருக்கிறது என்பதை இடைவேளையில் ஃபாதர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தே சொல்லிவிடலாம்.

பெண்கல்வியைப் பொறுத்தவரை இவர்களுக்குக் கொடுக்கவேண்டிய பெருமையைக் கைசுருக்காமல் கொடுக்கவேண்டும். 1842-இல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைக் கன்னியர் சென்னைக்கு வந்தார்கள். 1844-இல் புதுச்சேரியில், பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதற்கென்றே நம் நாட்டுப் பெண்களைக் கொண்ட துறவற சபை ஒன்று தோன்றியது. பெண் படித்தால் வீடு விளங்காது என்று பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நின்றுவிடும் பெண்கள், அதாவது இன்றைய ஏழாம் எட்டாம் வகுப்பு வயதுப் பெண்கள், தொடர்ந்து வந்ததற்கு, அங்கே பாடம் சொல்பவர்கள் பெண்கள், மதில் உயரம், வாசலில் ஆள் உண்டு என்ற நம்பிக்கை பெரிய காரணம். அந்த மதிலே பிற்காலத்தில் வேறு வேலையும் பார்த்தது. பூ வைக்காதே, மருதாணி இடாதே, வளையல் வேண்டாம் என்ற விதிகள் பல கான்வென்டுகளில் எழுந்தன; எளிமை, சமத்துவம் என்று அதற்கு நியாயம் சொல்லப்பட்டாலும், தலையில் ஒரு முழம் மல்லிகை தன்னை யாருக்குத் தாழ்த்தியது என்று ஒரு பெண்பிள்ளை கேட்டால் விடை சொல்வது கஷ்டம்.

மதிலைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. பல ஊர்களில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளி: ஆசிரியருக்குச் சம்பளம் அரசாங்கம் தருவது, பிள்ளைகளுக்குப் புத்தகமும் சீருடையும் இலவசம், மத்தியானம் சத்துணவு. மற்றது கட்டணம் வாங்கும் ஆங்கிலவழிப் பள்ளி: வாசலில் வேன், கழுத்தில் டை. இரண்டையும் நடத்துவது அதே சபை. இரண்டிலும் படிப்பது அதே பாடநூலின் இரு மொழி வடிவம். எந்த வாசலில் நுழைகிறோம் என்பதைக் கொண்டு தன் வீட்டின் நிலை என்ன என்பதை ஒரு பிள்ளை எந்தப் பாடவேளையும் இல்லாமலே கற்றுக்கொள்கிறது. ஏழைகளுக்கு முதலிடம் என்று 2007-இல் ஆயர்கள் வெளியிட்ட அகில இந்தியக் கல்விக் கொள்கை வற்புறுத்துகிறது. அந்த வாசகம் வேன் நிற்கும் வாசலை இன்னும் முழுமையாக எட்டவில்லை.

இப்போது அந்தப் பிரிந்த பாடவேளைக்குத் திரும்பலாம். அதன் வேர் அரசியலமைப்பில் இருக்கிறது. சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை 30-ஆம் பிரிவு தருகிறது. 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவோ, அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், மாணவனின் இசைவின்றி, அவன் வயது வராதவனாயின் காப்பாளரின் இசைவின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ அவனைக் கலந்துகொள்ளச் செய்யலாகாது என்கிறது. இந்த இரண்டுக்கும் இணங்கி நடக்க அநேக பள்ளிகள் கண்டுபிடித்த உபாயம்தான், மணி அடித்ததும் வகுப்பைப் பிரிப்பது. கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளே தொகையில் மிகுந்திருக்கும் பள்ளிகள் பல உள்ள நாட்டில், இது நேர்மையான ஏற்பாடு. மதமாற்றத்தை அஞ்சுவோர் இதனை அறிந்துகொள்வது நல்லது. 2024 ஏப்ரலில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, பிற சமயப் பிள்ளைகள்மேல் கிறிஸ்தவ அனுஷ்டானங்களைத் திணிக்கக் கூடாதென்றும், காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசிக்கச் செய்யவேண்டுமென்றும் தன் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. செபத்துக்கும் திருக்குறளுக்கும் நடுவே முகப்புரையும் ஒரே ராகத்தில் ஒப்பிக்கப்படுமோ என்பதுதான் என் கவலை.

வராந்தாவுக்கு அப்பால் போனவர்கள் என்ன கற்கிறார்கள்? விவிலியக் கதைகள், திருவருட்சாதனங்கள், புனிதர் வரலாறு. புதுநன்மை வாங்கிய வயது கடந்து, உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தமாகும் வயது இது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பழைய வினாவிடைச் சுவடிகள் போய், படம், செயல்பாடு, குழுப்பேச்சு என்று புதிய நூல்கள் வந்தன, மொழியும் மாறிற்று. பாட்டிக்குச் சர்வேசுரன், பேத்திக்குக் கடவுள், பாட்டிக்கு ஞானஸ்நானம், பேத்திக்குத் திருமுழுக்கு, பாட்டி இஸ்பிரீத்து சாந்துவைத் துணைக்கழைக்க, பேத்தி தூய ஆவியை அழைக்கிறாள், சம்மனசுகள் வானதூதர்களாகிவிட்டார்கள். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இந்த மாற்றத்தை நிலைநிறுத்தியது. தமிழ் தூய்மையடைந்தது, ஆனால் மாலையில் பாட்டியோடு முழங்காலிட்டுச் செபம் சொல்லும் பிள்ளை, ஒரே பொருளுக்கு இரண்டு சொல் உண்டென்பதையும், சொல் வேறு பொருள் வேறு என்பதையும் இலக்கண ஆசிரியர் உதவியின்றியே உணர்ந்துகொள்கிறது. மறைக்கல்வியின் பாடத்திட்டத்தில் எழுதப்படாத மிக உயர்ந்த பாடமாக இதை நான் மதிக்கிறேன். சில பள்ளிகளில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் உண்டு. பெல்ஜிய நாட்டுக் குருவான ஜோசப் கார்டைன் வகுத்த வழியில், நிலைமையைக் காண்பது, அதைப் பற்றித் தீர்மானிப்பது, பின் செயற்படுவது என்று மூன்று படியாகப் பிள்ளைகளைச் சிந்திக்கப் பழக்குவது அது. அங்கேதான் வினா முதன்முதலாகப் பிள்ளையின் கைக்கு வருகிறது. அது நன்றாக நடக்கும் பள்ளிகள் குறைவு.

காணவேண்டிய நிலைமைகளுக்கோ பஞ்சமில்லை. வடக்கன்குளத்துக் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது என்பது எந்த மறைக்கல்வி நூலில் பாடமாக இருக்கிறதென்று நான் தேடிப் பார்த்தேன். என் கைக்குக் கிடைத்தவற்றில் இல்லை. பள்ளியில் எல்லாரும் ஒரே பெஞ்சு என்பது பெரிய சாதனை. ஆயினும் எட்டாம் வகுப்பில் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதும் நாளில், ஒரே தெருவிலிருந்து வரும் இரு பிள்ளைகளில், இந்துவாக இருப்பவன் பட்டியல் சாதி, கிறிஸ்தவனாக இருப்பவன் பிற்படுத்தப்பட்டவன் என்று சான்றிதழ் சொல்லும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் விளைவு இது. தெருவில் அவர்களுக்கு இந்தப் பேதம் கிடையாது. இருவரையும் ஊர் ஒரே தூரத்தில்தான் நிறுத்தி வைத்திருக்கிறது. இதைப் பற்றி அந்தப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்விக்கு மறைக்கல்வியிலும் விடை அச்சாகவில்லை, மாரலிலும் அச்சாகவில்லை.

அந்த மாரலில்தான் அன்று நான் உட்கார்ந்திருந்தேன். நன்னெறி நூல்களின் பொதுக்குணம் ஒன்றுண்டு: எவர் மனமும் நோகாதபடி எல்லாவற்றிலும் உப்பைக் குறைத்துவிடுவது. உண்மை பேசு, பெரியோரை மதி, நேரம் தவறாதே, உதவி செய். யார் மறுக்கப்போகிறார்கள்? அன்று சிஸ்டர் ஒரு கதை சொன்னார். வழியில் கள்வரிடம் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தான் ஒருவன்; பெரிய மனிதர் இருவர் கண்டும் காணாமல் போனார்கள்; மூன்றாவதாக வந்தவர் காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் பணம் கொடுத்துப் போனார். சிஸ்டர் நன்றாகவே சொன்னார். பிள்ளைகள் வாய் திறந்து கேட்டார்கள். பிறகு கரும்பலகையில் வினாக்கள் எழுதப்பட்டன. 'வழிப்போக்கனுக்கு உதவியவர் யார்?' என்ற வினாவுக்கு, 'நல்ல உள்ளம் படைத்த ஒருவர்' என்பது விடை. எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கையெழுத்து அழகாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மணி அடித்தது. போனவர்கள் திரும்பினார்கள். அந்தப் பையன் வந்து உட்கார்ந்து, ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துவிட்டு மூடினான்.

"ஒங்களுக்கு என்னடா?" என்றான்.

"ரோட்டுல அடிபட்டுக் கெடந்த ஆளு கதை. மூணாவது ஆளு வந்து தூக்கிட்டுப் போவாரு."

"எங்களுக்கும் அதான்டா! அந்த மூணாவது ஆளு யாருன்னு சொன்னாங்களா?"

"நல்ல உள்ளம் படைத்த ஒருவர்."

"அவரு சமாரியன்டா. அவங்கள அந்த ஊருக்காரங்க சேத்துக்கவே மாட்டாங்களாம். அவங்க தொட்ட சொம்புல தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்களாம். ஃபாதர் சொன்னாரு."

மற்றவன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. நோட்டில் தான் எழுதியிருந்த விடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அப்ப அடிபட்டவன், முழிச்சதுக்கப்புறம், அவரு குடுத்த தண்ணியக் குடிச்சானா?"

இவன் யோசித்தான். "தெரியலடா. அது எங்க நோட்டுல இல்ல."

கணக்கு சார் உள்ளே வந்தார். இருவரும் எழுந்து நின்றார்கள்.